எண்ணெய் விட்ட சைக்கிள்

அவன் மனைவியின் சைக்கிளுக்கு மணி தேவைப்பட்டதே இல்லை. வலது பெடல் மேலே ஏறும்போது 'கீ' என்று ஓர் இழுப்பு. கீழே இறங்கும்போது செயின் கவரில் இடித்து 'டக்' என்று ஒரு தட்டு. கீ-டக், கீ-டக் என்று தெருமுனை திரும்பும்போதே அவள் வருவது வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

"ஊரையே கூட்டிக்கிட்டு வர்றியே" என்பான் அவன்.

"எண்ணெய் விடுங்கன்னு நானும் கரடியா கத்தறேன். இந்தச் சத்தமே உங்க காதுல விழல, என் சத்தம் எங்க விழப்போகுது?" என்பாள் அவள்.

இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று அவன் தள்ளிக்கொண்டே போனான். ஒருநாள் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவள் நிறுத்திய இடத்திலேயே, அந்தச் சத்தத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு, சைக்கிள் நின்றிருந்தது.

அவனுக்குப் பால் பண்ணையில் வேலை. வேதியியல் படித்தவன். டேங்கர் லாரிகளில் வரும் பாலை முகர்ந்து, நாக்கில் வைத்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சுழற்றி, உள்ளே விடலாமா திருப்பி அனுப்பலாமா என்று சொல்ல வேண்டும். மனைவி போன பிறகும் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. என்ன ஒன்று, புளித்த பாலை மூக்கருகே கொண்டுபோனாலும் அவன் முகம் சுளிப்பதில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் அதை மனத்தைரியம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவனும் மறுக்கவில்லை.

லாரிகள் விடிவதற்கு முன்பே வந்து நிற்கும். அதனால்தான் மகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவளுக்கு மூன்று வயது.

"இருட்டுல எழுந்து வேலைக்குப் போறவர்கிட்ட பச்சைப் பிள்ளைய எப்படித் தம்பி விடறது? கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும்" என்று மனைவியின் அக்கா தூக்கிக்கொண்டு போனாள். அவளுடைய பிள்ளைகள் இருவரும் வளர்ந்து விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இடமும் இருந்தது, மடியும் காலியாக இருந்தது.

ஞாயிறுதோறும் அவன் அந்தச் சைக்கிளில் போவான். மனைவி மகளை உட்காரவைத்துக் கூட்டிப்போன சின்ன இருக்கை பின்னால் கேரியரில் இருந்ததுதான் காரணம். அவன் தெருவுக்குள் நுழையும்போதே மகள் கேட்டுக்கு ஓடி வந்து இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்பாள். தூக்கி உட்காரவைத்து நாலு தெரு சுற்றுவான். அவள் பேசுவதில்லை. அவன் சட்டையை முதுகுப்பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். அந்தப் பிடிக்காக அவன் வாரம் முழுக்கக் காத்திருந்தான். மற்றதெல்லாம் மரத்துப்போன உடம்பில் அந்த ஒரு கைப்பிடி இடம் மட்டும் உயிரோடு இருந்தது.

இப்படி இருக்கையில் சகலைக்கு வேலை மாற்றல் வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போக வேண்டிய ஊர். குழந்தை அங்கே போனால் போனதுதான். வருஷத்துக்கு ஒருமுறை பொம்மையோடு வந்து நிற்கும் ஆளாகிவிடுவான் அவன். அதன் பிறகு அவன் ஓடிய ஓட்டம் கொஞ்சநஞ்சமில்லை. மேலதிகாரியின் மேஜை முன்னால் நின்று பகல் வேலை வாங்கினான். பண்ணைக்குப் பக்கத்திலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்றில் சொல்லி வைத்தான். வீட்டை ஒட்டடை அடித்து, ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டான். மனைவி போனதிலிருந்து அவன் ஒன்றை வேண்டும் என்று நினைத்தது அப்போதுதான்.

அக்கா மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள்.

"அப்பன்தானே, கூட்டிட்டுப் போங்க. ஆனா அவளா வரணும் தம்பி. அலற அலறத் தூக்கிட்டுப் போறத என்னால பாக்க முடியாது. என் தங்கச்சிய ஆஸ்பத்திரிக்கு அப்படித் தூக்கிட்டுப் போனதப் பாத்தது போதும்."

"அவளா வருவா, பாருங்க" என்றான் அவன். யோசிக்கவே இல்லை. கேட்டில் கை தூக்கி நிற்கும் பிள்ளையை வைத்திருப்பவன் எதற்கு யோசிக்க வேண்டும்?

திங்கட்கிழமை காலை சாமான் ஏற்ற லாரி வருகிறது. அதற்கு முந்தின ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் கிளம்பினான். பாதி வழியில், ஒரு மேட்டை மிதித்து ஏறும்போது, செயின் அறுந்து பாம்புபோலத் தரையில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை. சைக்கிள் கடைகள் மூடியிருந்தன. கரிபிடித்த செயினைக் கையில் சுற்றிக்கொண்டு வண்டியைத் தள்ளியபடி அவன் நடந்தான். பஸ் பிடிக்கலாம். ஆனால் சைக்கிள் இல்லாமல் போவது அவனுக்கு என்னவோ சரியாகப் படவில்லை. அந்த இருக்கையில் வைத்துத்தான் அவளைக் கூட்டிவர வேண்டும் என்று முடிவு செய்திருந்தான்.

"அறுந்துடுச்சா?"

ஒரு வீட்டின் முன்அறையிலிருந்து குரல் வந்தது. 'தையல் மிஷின் பழுது பார்க்கப்படும்' என்று கதவில் பலகை. உள்ளே தலையில்லாத மிஷின்களும் மேஜையில்லாத மிஷின்களும் நெருக்கியடித்து நின்றன. நடுவே, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட ஒரு பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"தள்ளிட்டு வரும்போதே பாத்தேன். நீங்க சைக்கிளத் தள்ளறீங்களா, அது உங்கள இழுக்குதான்னே தெரியல. உள்ள கொண்டாங்க."

"இல்லைங்க, பக்கத்துல கடை எதாவது..."

"கடையெல்லாம் இன்னிக்குக் கால நீட்டித் தூங்குது. கொண்டாங்கன்னா!"

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். "வந்தவர உக்காரச் சொல்லாம வைத்தியம் ஆரம்பிச்சாச்சா? ஞாயித்துக்கிழமையாவது அந்த ஸ்குரு டிரைவர கீழ வைக்கக் கூடாதா?"

"வச்சா நீ என்னைப் பாத்திரம் தேய்க்கச் சொல்லுவே."

"தேய்ச்சுட்டாலும்!"

பெரியவர் அவனைப் பார்த்துக் கண்ணடித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டை போட ஒரு குரல் உள்ளே இருக்கும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று மட்டும் உறைத்தது. அவர் கொல்லைப்பக்கம் போய்த் துருப்பிடித்த ஒரு பழைய செயினை எடுத்துவந்து, அதிலிருந்து ஒரு கண்ணியைக் கழற்றி, அவன் செயினில் வைத்து இரண்டு தட்டில் இணைத்துவிட்டார். கை வேலையில் இருந்தாலும் வாய் சும்மா இல்லை. எங்கே போகிறான் என்று கேட்டார்.

"பொண்ணக் கூட்டிட்டு வரப் போறேன். பெரியம்மா வீட்டுல இருக்கா."

அந்த அம்மா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "அவங்கம்மாவும் அங்கதான் இருக்காங்களா?"

"இல்லைங்க" என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை. அவர்களாக ஏதோ நினைத்துக்கொண்டார்கள்.

பெரியவர் பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துப் பெடலைச் சுற்றினார். கீ-டக், கீ-டக். அவர் முகம் பல்வலி வந்தவர்போலக் கோணிற்று.

"என்னங்க இது, வண்டியா, பேய் வீட்டுக் கதவா? இந்தச் சத்தம் எத்தனை நாளா இருக்கு?"

"ரொம்ப நாளா."

"வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னா."

"நீங்க?"

"செய்யல."

"அதான பாத்தேன்! எல்லா வீட்டுலயும் இதே கதைதான். இன்னிக்கு நல்ல பேர் வாங்கிக்கிங்க. பாத்துடட்டுமா?"

அவள் கேட்டு அவன் செய்யாமல்போன காரியங்கள் எத்தனையோ. இனி அவற்றில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். இதோ ஒன்று, இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்.

"பாருங்க" என்றான்.

பெரியவருக்கு அதற்கப்புறம் கண் மண் தெரியவில்லை. பெடலைக் கழற்றி, கரியை வழித்துத் துடைத்து, நீள மூக்குள்ள எண்ணெய்க் குப்பியால் மிஷினுக்கு விடுவதுபோலச் சொட்டுச் சொட்டாக விட்டார். செயின் கவரை நிமிர்த்தி முடுக்கினார். அந்த அம்மா தன் பங்குக்குத் துணிமூட்டையைக் கிளறி, பூப்போட்ட ஒரு குட்டி மெத்தையை எடுத்துவந்து பின் இருக்கையில் நாடா வைத்துக் கட்டினாள். "பிள்ளைக்குக் குத்தக்கூடாதுல்ல." மண்ணெண்ணெயும் சோப்பும் கொடுத்து அவன் கையைக் கழுவவைத்தாள். பெரியவர் மீண்டும் பெடலைச் சுற்றியபோது சக்கரம் காற்றைப்போலச் சுற்றிற்று. சத்தமே இல்லை.

"எப்படி?" என்றார் பெரியவர், குழந்தைபோல.

அவன் சிரித்தான். மனைவி போன பிறகு அவன் முதன்முதலாகச் சிரித்தது அந்த முன்அறையில்தான், அவனிடம் கூலி என்று ஒன்றும் வாங்கிக்கொள்ளாத இரண்டு அந்நியர்களைப் பார்த்து.

"திரும்பி வரும்போது பாப்பாவக் காட்டிட்டுப் போங்க. அதுதான் கூலி" என்றார் பெரியவர்.

சைக்கிள் வழுக்கிக்கொண்டு போயிற்று. 'செஞ்சுட்டேன், பாத்தியா' என்று மனதுக்குள் ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டான்.

தெருவுக்குள் நுழைந்தான். கேட்டில் யாரும் இல்லை. தூங்குகிறாளாக்கும் என்று நினைத்தான். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனான். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள், கயிறு, செய்தித்தாளில் சுற்றிய பாத்திரங்கள். மகள் ஒரு காலிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்காரர் வந்தால் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, கயிற்றை முறுக்கும் வேலைக்குத் திரும்பினாள்.

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எப்ப வந்தீங்க தம்பி? சத்தமே கேக்கல?"

அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"சாப்பிட்டதுலேருந்து வாசல்லயே தவம் கெடந்தா. உங்களக் காணோம். இப்பத்தான் எழுந்து உள்ள வந்தா" என்றாள் அக்கா.

"செயின் அறுந்துடுச்சு" என்றான். அந்த இரண்டு வார்த்தைக்குள் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்ததை நம்பாமல் இருக்க, பெட்டியருகே குனிந்தான். "வாடா கண்ணு, சைக்கிள்ல போலாம்."

சைக்கிள் என்றதும் அவள் எழுந்தாள். அவனை முந்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பூப்போட்ட மெத்தையை அவள் சந்தேகத்தோடு தொட்டுப் பார்த்தாள். பரவாயில்லை, ஏறிக்கொண்டாள். சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். அதில் குழந்தையின் துணிகள். அக்காவின் கண் சிவந்திருந்தது. சகலை கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரு சுத்து சுத்திட்டு வந்து பைய எடுத்துக்கறேன்" என்று அவன் மிதித்தான்.

நாலைந்து வீடு தாண்டியிருப்பான். முதுகில் இருந்த பிடி தளர்ந்தது. பிறகு விட்டுவிட்டது.

"இது இல்ல" என்றாள் மகள்.

"என்னடா?"

"இது அம்மா வண்டி இல்ல. இறக்கு."

"அம்மா வண்டிதான்டா. பாரு, அதே சீட்டு, அதே..."

"இறக்கு!"

அழுகை ஆரம்பித்தது. அவன் இறங்கி, வண்டியை ஸ்டாண்டில் போட்டு, காலால் செயின் கவரை ஓங்கி உதைத்தான். கவர் உள்ளே நெளிந்தது. பெடலைக் கையால் சுற்றினான். 'டக்' என்றது.

அழுகை சட்டென்று நின்றது. அவள் வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். அடுத்து 'கீ' வர வேண்டும். அவன் இன்னும் வேகமாகச் சுற்றினான். டக், டக், டக். நடுவே எண்ணெயின் வழவழப்பு மட்டும் இருந்தது. மூடிய வீடுகளின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவனுக்கு வெட்கம் போய்விட்டது.

"கீ" என்றான் தன் வாயால். "கீ... டக். கீ... டக்."

மகள் அவனைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"நீ இல்ல" என்றாள்.

அவளை நடத்திக் கூட்டிவந்தான். கேட்டருகே வந்ததும் அவன் கையை விட்டுவிட்டு ஓடிப்போய் அக்காவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"பிள்ளைதானே சகலை, தூக்கி வச்சுக்கிட்டுப் போங்க. தெருமுனை தாண்டினா அழுகை நின்னுடும். நாளைக்கே மறந்துடுவா" என்றார் சகலை. நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அன்று அவனைச் சுற்றியிருந்த எல்லோருமே நல்லெண்ணம் கொண்டவர்கள்தான்.

"சத்தம் என்னாச்சு தம்பி?" என்றாள் அக்கா.

"எண்ணெய் விட்டாச்சு."

அக்கா குழந்தையின் தலையைக் கோதினாள்.

"நீங்க சுத்தி வரும்போதெல்லாம் நான் வாசல்ல நின்னு பாப்பேன். பின்னால கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, முகத்த உங்க முதுகுல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. ஒரு தடவகூடக் கண்ணத் தொறந்து நான் பாத்ததில்ல. உங்ககிட்டச் சொல்லணும்னு நெனப்பேன். சொல்ல மனசு வரல."

அவன் முதுகில் சட்டை ஒட்டியிருந்த இடம் குளிர்ந்தது. இத்தனை ஞாயிறும் அவன் மிதித்திருக்கிறான். ஓட்டியது வேறொருத்தி. வண்டி ஓட்டுபவனுக்குப் பின்னால் பார்க்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவன் திரும்பியிருக்க மாட்டான்.

அவன் குனிந்து மகளைத் தூக்கினான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பானோ என்னவோ. மரக்கட்டைபோல விறைத்துக்கொண்டு, அவன் தோளுக்கு மேல் அக்காவையே பார்த்தாள். அந்த விறைப்பு அவனுக்குப் பழக்கமானது. தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிறான். அதை இன்னொரு உடம்பில், அதுவும் இத்தனை சின்ன உடம்பில், பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இறக்கிவிட்டான்.

"அவளா வரணும்னு சொன்னீங்க. சரின்னு சொன்னேன்" என்றான்.

"அங்க போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன் தம்பி. கொஞ்சம் வளரட்டும். உங்க பிள்ளைதான், யாரு இல்லேன்னா?"

"ம்."

துணிப்பையை அக்கா உள்ளே எடுத்துப்போனாள். சகலை டீ குடிக்கச் சொன்னார். குடித்தான். பாலில் லேசான புளிப்பு இருந்தது. நாக்கு கண்டுபிடித்துவிட்டது. முகம் சுளிக்காமல் முழுவதையும் குடித்து முடித்தான். மகள் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அவன் போய்வருகிறேன் என்றபோது, சொல்லிக்கொடுத்தபடி கையை ஆட்டினாள்.

திரும்புவதற்கு வேறு வழிகள் இருந்தன. ஆனால் பெரியவரின் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்று தோன்றும் அளவுக்கு அவன் மனம் வேலை செய்யவில்லை. பெரியவர் வாசலிலேயே நின்றிருந்தார். சத்தமில்லாமல் வந்த வண்டியை முதலில் பார்த்தார், பிறகு பின் இருக்கையை. பூப்போட்ட மெத்தை அப்படியே இருந்தது.

"பாப்பா எங்க?"

"தூங்கிட்டா. இன்னொரு நாள் கூட்டிட்டு வரேன்."

"அடடா. இவ பிஸ்கட் எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ஏம்மா, பாப்பா தூங்கிடுச்சாம்!" உள்ளே குரல் கொடுத்துவிட்டு, செயின் கவரைப் பார்த்தார். "இதென்ன, நெளிஞ்சிருக்கு? எங்கயாவது விழுந்தீங்களா?"

"கல்லுல இடிச்சுடுச்சு."

"இருங்க, நிமிர்த்திடறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். அவர் அதற்குள் குந்தி உட்கார்ந்து, இரண்டு கட்டைவிரலாலும் நெளிவை உள்ளிருந்து அழுத்த ஆரம்பித்துவிட்டார். நெற்றியிலிருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. எவ்வளவு அக்கறையான கைகள். ஓர் அந்நியனின் வண்டிக்காக ஒரு மனிதர் தெருவில் மண்டியிட்டிருக்கிறார். அவரிடம் எதைச் சொல்ல முடியும்?

"அந்தச் சத்தம்" என்றான் அவன். "அந்தப் பழைய சத்தம். அது திரும்ப வருமா?"

பெரியவர் கடகடவென்று சிரித்தார். எழுந்து, எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஆறுதலாக அவன் தோளில் தட்டினார்.

"கவலையே படாதீங்க. நான் கைவச்சா வச்சதுதான். இந்த வண்டி இருக்கிறவரைக்கும் வராது."